மாடி அறைகளுக்கு என் பெயரில் வரி

நீடாமங்கலம்
ஜூலை 12, ஞாயிறு

அன்பு மகன் ஜெனித்துக்கு அம்மா எழுதுவது.

இங்கே என் முழங்கால் ஒன்றைத் தவிர எல்லாம் நலம். அங்கே பெர்த்தில் உன் கோபம் ஒன்றைத் தவிர நீயும் மருமகள் ஷோபனாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அந்தக் கோபத்தையும் மாதா கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டும். காலையில் ஒரு போன் மாலையில் ஒரு போன் என்று இருக்கிற காலத்தில் அம்மா எதற்குத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை ராசா. நான் ஒன்று ஆரம்பித்தால் நீ ஒன்பது சொல்கிறாய், நடுவில் அப்பா போனைப் பிடுங்கி அங்கே மழையா வெயிலா என்று கேட்கிறார், கடைசியில் என் பேச்சு பாதியிலேயே நின்றுபோகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். உன் தங்கை ஜாய்ஸ் கோயம்புத்தூரிலிருந்து நேற்று வந்திருக்கிறாள், எழுதி முடித்ததும் அவள் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள். வெண்ணாற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது, நம் வயலில் குறுவை நட்டாகிவிட்டது, ஆள் கிடைக்காமல் மிஷினை வைத்துத்தான் நட்டோம், அப்பா வரப்பில் நின்று மிஷினுக்கே வேலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அம்மா, அந்த மாடி ரூம் ரெண்டையும் மூடிடுங்க, இன்கம்டாக்ஸ்லேர்ந்து எனக்கு மெயில் மேல மெயில் வருது, மாசா மாசம் அந்தக் காசை நானே அனுப்பிடுறேன், உங்களுக்கு எதுக்கு இந்த வேலை என்றாய். அதற்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ நிதானமாகப் படிக்கலாம். மூட மாட்டேன். அறைகளையும் மூட மாட்டேன், வரிக்காரர்களுக்குப் பயந்து வாயையும் மூட மாட்டேன். நீ பயப்படுகிறாய் என்று எனக்குப் புரிகிறது, அந்த ஊர்க் குடியுரிமைக்கு மனுப் போட்டிருக்கிற நேரத்தில் இந்த ஊரில் உன் பெயரில் காட்டாத வருமானம் இருக்கிறது என்று வந்தால் எவனுக்கும் கலக்கமாகத்தான் இருக்கும். அந்தக் கலக்கத்தைத் தீர்த்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன், வெறும் வாயால் ஆறுதல் சொல்வதற்காக அல்ல.

ஆவணியில் என்ன நடந்தது என்று நீ கேட்டாய், நான் மழுப்பினேன், நீ கத்தினாய். இப்போது முழுதாகச் சொல்கிறேன். நீ பெர்த்துக்குப் போகுமுன் உன் போனிலேயே ரூம் வாடகைக்கு விடுகிற அந்த ஆப்பில் நம் மாடியைப் போட்டு, உன் படத்தை வைத்து, உன் பான் நம்பரையும் உன் பேங்க் கணக்கையும் கொடுத்துவிட்டு, ஏடிஎம் கார்டை என் கையில் வைத்துவிட்டுப் போனாய். ஆலங்குடி குரு கோயிலுக்கு வருகிறவர்கள் வாராவாரம் வந்தார்கள், தங்கினார்கள், போனார்கள், ஒரு குறையும் இல்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆவணியில் ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் புக் செய்தவர்கள் வந்திருக்கிறார்கள் என்று கதவைத் திறந்தால் காவி உடுத்திக்கொண்டு வெறுங்காலோடு நிற்கிறார்கள். திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள். துரைராசு என்று ஒருவர்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர். கூட வந்த வயசான அம்மாக்களுக்குப் பந்தலில் மழை ஈரத்தில் படுத்துக் குளிர் தாங்கவில்லை என்று போனில் தேடி நம் வீட்டைப் பிடித்திருக்கிறார். நம் சாலையில் நடந்து வருகிறவர்களிடம் காசு வாங்குகிற வீடு எங்கேயாவது உண்டா சொல். மோர் கொடுப்போம், காலுக்கு ஊற்றிக்கொள்ள வெந்நீர் கொடுப்போம், படுக்கப் பாய் கொடுப்போம், காசு மட்டும் வாங்கமாட்டோம். அந்த அம்மாக்களில் ஒருத்திக்குக் குதிகாலில் கொப்புளம் உடைந்து தரையெல்லாம் ஈரம், அவள் கட்டின காசை நான் எந்த முகத்தோடு வைத்துக்கொள்வேன்.

ஆப்பில் அதை எப்படித் திருப்பி அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை, உன்னைக் கேட்டால் நீ திட்டுவாய். காலையில் அப்பாவை பஸ் ஸ்டாண்டு ஏடிஎம்முக்கு ஓட விட்டு, அவர்கள் கட்டியதை அப்படியே எடுத்து வரச் சொல்லி, துரைராசு கையில் கொடுத்தேன். அவர் வாங்கவே மாட்டேன் என்கிறார், அம்மா, தங்குனதுக்குத்தானே கட்டுனோம், இது என்ன வழக்கம் என்கிறார். அப்படியானால் எங்கள் பேரைச் சொல்லி மாதா உண்டியலில் போட்டுவிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த மனுஷன் சும்மா இருந்தாரா, வழி நெடுகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த ஆவணி முடியும்வரை நடந்து வந்த கூட்டம்தான் மாடியில், எல்லாரும் ஆப்பில் கட்டினார்கள், எல்லாரிடமும் கையில் திருப்பிக் கொடுத்தேன். போன வருஷ ஆவணியிலும் அதே கதை. நீ வரிக்குக் கணக்குக் கேட்டபோது ஆவணியில் ஒன்றும் இல்லை தம்பி என்று நான் சொன்னது பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் கையில் ஒன்றும் நிற்கவில்லையே, அப்புறம் எதைச் சொல்வது. ஆனால் ஆப்காரர்கள் உன் பான் நம்பரில் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் சொன்ன தொகை ஒன்று, நீ காட்டியது ஒன்று. மெயில் வராமல் என்ன செய்யும்.

நீ போனை வைத்த அன்றே இந்த வீட்டில் மந்திராலோசனை ஆரம்பமாகிவிட்டது. பக்கத்து வயல் தியாகேசன் தெரியும் அல்லவா, உரக்கடை வைத்திருக்கிறாரே, அவர் வந்து உட்கார்ந்து ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். யக்கா, இதுக்குப் போயா மண்டைய ஒடைச்சுக்கிறீங்க, எல்லாத்தையும் விவசாய வருமானம்னு போட்டுடுங்க, அதுக்கு வரியே கிடையாது, வீடு வயலுக்கு நடுவுலதானே இருக்கு என்றார். உன் அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ரயில்வே கேட்டில் இத்தனை வருஷம் வேலை பார்த்த மனுஷன், ஒரு சைக்கிளைக் கூட விதியை மீறி உள்ளே விட்டதில்லை, அவரே ஆமாம்ல, மொட்டை மாடியிலதானே நெல்லு காயப்போடுறோம் என்று சேர்ந்துகொள்கிறார். நம் ஊரில் எதை எடுத்தாலும் விவசாயம் என்று எழுதுவதே பழகிப்போய்விட்டது. எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. என் மகன் பேர் அதில் மாட்டியிருக்கிறது, ஒரு புளுகை மறைக்க இன்னொரு புளுகு எழுதி அவன் குடியுரிமை மனுவில் மண்ணைப் போடவா என்று கேட்டுவிட்டு, மறுநாள் காலை பஸ்ஸில் அப்பாவையும் இழுத்துக்கொண்டு தஞ்சாவூர் போய்விட்டேன்.

அங்கே பிரகதீஸ்வரி என்று ஒரு ஆடிட்டர் இருக்கிறாள், ஜாய்ஸோடு படித்த பெண்ணின் அக்கா. சிரித்த முகம், ஆனால் பேச்சு கத்தரிக்கோல். அப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் விவசாய வருமானம் என்று ஆரம்பித்தார். அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஐயா, குரு கோயிலுக்கு வர்றவங்க உங்க வயல்ல நாத்து நட்டுட்டா போறாங்க என்று கேட்டாள். படுக்கை விரித்து, சாப்பாடு போட்டு, நாலு நாள் தங்கவைத்துக் காசு வாங்குவது ஒரு தொழில்தான், வயலுக்கு நடுவில் செய்தாலும் தொழில், ஆற்றுக்கு நடுவில் செய்தாலும் தொழில் என்று விளக்கினாள். அடுத்து நான் என் வழக்கை எடுத்தேன். மதகு வழியா தண்ணி போகுதும்மா, அது மதகுக்கா சொந்தம், அந்தக் காசு மாதாவுக்குப் போச்சு, என் கையில ஒரு ராத்திரிகூடத் தங்கலையே என்றேன். அவள் யோசிக்கக்கூட இல்லை. ஆப்புல உங்க மகன் பேரு இருக்கு, பேங்குல உங்க மகன் பேரு இருக்கு, எதுலம்மா மாதா பேரு இருக்கு என்றாள். வந்தது வந்ததுதான், முதலில் அது வருமானம், அதற்கு அப்புறம் எடுத்துக் கொடுத்தது உங்கள் மனசு, கொடுத்துவிட்டேன் என்பதற்காக வரவே இல்லை என்று சொல்ல முடியாது என்றாள். நியாயம்தானே. நான் கொடுத்தது தப்பு இல்லை ஜெனித், அதை இன்றைக்கும் சொல்வேன். உன்னிடம் சொல்லாமல் கொடுத்தேன் பார், அதுதான் தப்பு. உன் பேரில் இருந்த காசை எடுத்து நான் புண்ணியம் கட்டிக்கொண்டேன், வினை உனக்கு வந்தது.

வழி என்ன என்று கேட்டேன், சொன்னாள். முந்தின வருஷத்துக்கு நீ விட்டதைச் சேர்த்துத் திருத்திக் காட்டி, வரியும் அதற்கு மேலே கூடுதலாக வருவதையும் கட்டிவிட்டால் விஷயம் முடிந்தது, மறைத்தான் என்ற பேச்சுக்கே இடம் இருக்காது. போன வருஷத்துக்கு இனிமேல்தான் காட்டப்போகிறோம், அதில் ஆவணியையும் சேர்த்து முழுசாகக் காட்டிவிடலாம். அந்த ஊரில் நீ என்ன காட்ட வேண்டும் என்று கேட்டேன், அது எனக்குத் தெரியாதும்மா, அங்க இருக்குற கணக்கரைக் கேக்கச் சொல்லுங்க, மூடி வைக்காமக் கேக்கச் சொல்லுங்க என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற பெண்ணை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. நாளைக்கே போய்க் கேள், தள்ளிப்போடாதே. நம் ஊர்ப் பக்கம் கட்ட வேண்டியதை நான் கட்டுகிறேன், உன் காசு ஒன்றும் வேண்டாம். திருப்பிக் கொடுத்தது என் முடிவு, அதற்கு வரியும் என்னுடையதுதான். கோழி விற்ற காசும் இருக்கிறது, சீட்டு எடுத்த காசும் இருக்கிறது, மூக்கால் அழுதுகொண்டு கட்டப்போவதில்லை.

அப்புறம் அவள் ஒரு கேள்வி கேட்டாள் பார், அங்கேதான் எனக்கு விடிந்தது. வீடு யார் பேர்ல இருக்கு என்றாள். என் பேரில்தான், என் அப்பா எனக்கு எழுதிக் கொடுத்தது என்றேன். சமைக்கிறது யாரு, நான். துவைக்கிறது யாரு, நான், கூட ராஜாத்தி வந்து உதவுகிறாள், அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறேன். அப்ப சம்பாதிக்கிறது யாரும்மா என்றாள். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் சொன்னேன், நான்தான். வெளியில் வந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, முந்தானையில் துடைத்துக்கொண்டு அப்பாவை ஒரு காபி வாங்கித் தரச் சொன்னேன், அப்புறம் வேண்டாம் என்று நானே வாங்கிக் கொடுத்தேன். சென்னை ஃபிளாட் வாடகை, பேங்க் வட்டி என்று உன் பேரில் ஏற்கெனவே வருமானம் இருக்கிறது, இதையும் அதன் தலையில் ஏற்றினால் வரி ஏறத்தான் செய்யும், இந்த ஊரில் குடியிருக்கிறவர்களுக்குக் கிடைக்கிற வரித் தள்ளுபடியும் வெளிநாட்டில் இருக்கிற உனக்குக் கிடையாதாம். என் பேரில் காட்டினால் இப்போதைக்கு வரியே வராதாம். வராவிட்டாலும் வருஷம் தவறாமல் காட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். வரி வருகிற அளவுக்கு மாடி நிறைந்தால் கட்டிவிட்டுப் போகிறேன், அதில் எனக்குப் பெருமைதான். இந்த வயசுக்கு மேல் அரசாங்கத்தின் கணக்கில் சம்பாதிக்கிறவள் என்று என் பேர் ஏறுகிறது என்றால் சும்மாவா.

அதனால்தான் மூட மாட்டேன் என்கிறேன். நீ அனுப்புவாய், எனக்குத் தெரியும், நீ நல்ல பிள்ளை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அப்பாவின் சம்பளத்தில் கேட்டுக் கேட்டு வாங்கின கை இது. இப்போதுதான் கேட்காமல் எடுக்கப் பழகியிருக்கிறது, மறுபடி உன்னிடம் கேட்க வைக்காதே. மாடிக் குளியலறைக்கு வெந்நீர் ஹீட்டர் நான் போட்டது. ஜாய்ஸின் கல்லூரிக் கடைசிக் கட்டணம் நான் கட்டியது, அவள் உனக்குச் சொல்லியிருக்கமாட்டாள். வேலையும் எனக்குப் பிடித்திருக்கிறதடா. ஹைதராபாத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள், வாசலில் மாதா படத்தைப் பார்த்ததும் இங்கே சைவச் சாப்பாடு கிடைக்குமோ என்று முகம் சுருங்கிவிட்டது. மேலே தனி அடுப்பு, தனிப் பாத்திரம், வாங்க காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனேன், போகும்போது சாம்பார்ப் பொடி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். இதில் கஷ்டப்படுவது உன் அப்பா மட்டும்தான். வியாழக்கிழமை இந்த வீட்டில் கருவாடு கிடையாது என்று சட்டம் போட்டுவிட்டேன், புதன்கிழமை இரட்டிப்பாகத் தின்று தீர்த்துக்கொள்கிறார்.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. உன் பேரில் இருக்கிற பக்கத்தை அப்படியே என் பேருக்கு மாற்ற முடியாதாம், அதை மூடிவிட்டுப் புதிதாகத்தான் திறக்க வேண்டுமாம். வந்தவர்கள் எழுதிவிட்டுப் போன நல்ல வார்த்தையெல்லாம் அதோடு போய்விடும் என்று ஜாய்ஸ் வருத்தப்படுகிறாள். போனால் போகட்டும், என் கைச் சாம்பார் எங்கே போகிறது, மறுபடி எழுதுவார்கள். எனக்கு வருத்தம் உன் படத்தில்தான். அந்த ஆப்பில் உன் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் கதவைத் திறந்ததும் ஜெனித் இருக்காரா என்றுதான் கேட்பார்கள். வெளியூரில் இருக்கிறான், நான் அவன் அம்மா என்பேன். வாரத்துக்கு இரண்டு தடவையாவது யாரோ வாசலில் நின்று உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நீ இதோ பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறாய் என்கிற மாதிரி இருந்தது எனக்கு. இனிமேல் கேட்க மாட்டார்கள். அது போகிறதே என்பது மட்டும்தான் வருத்தம், மற்றபடி நான் கலங்கவில்லை. ஜாய்ஸ் நேற்று என்னைக் கறிவேப்பிலை மரத்தடியில் நிற்க வைத்துப் படம் எடுத்தாள், அந்த மாம்பழக் கலர்ப் புடவையில், அந்தப் படத்தோடு ஆப்பில் புதுப் பக்கமும் பேங்கில் என் பேரில் புதுக் கணக்கும் திறந்தாயிற்று.

ஆவணிக்கு என்ன செய்யப்போகிறாய், மறுபடி ஏடிஎம்மா என்று நீ கேட்பாய். அதற்கும் பிரகதீஸ்வரி இரண்டு நிமிஷத்தில் வழி சொன்னாள். நடந்து வருகிறவர்கள் வருகிற நாளில் ஆப்பில் தேதியை அடைத்துவிடுங்கள், யாரும் புக் செய்யவே முடியாது, காசு உள்ளே வந்தால்தானே வருமானம் என்றாள். இத்தனை சுலபமான ஒன்றுக்கா இரண்டு வருஷம் அப்பாவை ஏடிஎம்முக்கு விரட்டினேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது. கொடியேற்றத்துக்கு முந்தின வாரத்திலிருந்து திருவிழா முடிகிறவரை அடைத்தாகிவிட்டது. துரைராசுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன், ஆப்பில் தேடாதீர்கள், வீடு அதில் இருக்காது, நேராக வாசலில் வந்து நில்லுங்கள் என்று. அவர் சரிங்கம்மா சரிங்கம்மா என்று சிரித்துவிட்டு, இந்த வருஷம் கூட்டம் அதிகம் என்றார். வரட்டும், பாய் இருக்கிறது, ராஜாத்தி இருக்கிறாள், மோருக்குத் தியாகேசன் வீட்டு மாடு இருக்கிறது. விவசாய வருமானம் என்று புத்தி சொன்னதற்கு அபராதமாகப் பாலை அவர் தலையில் கட்டிவிட்டேன்.

ஷோபனாவிடம் சொல், அவள் கேட்ட தாளிப்பு வடகம் காய்ந்துவிட்டது, ஆனால் அந்த ஊர் ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்களாமே, வந்து தின்றுவிட்டுப் போவதுதான் நல்லது. நீ ராத்திரி வேலை முடிந்து கார் ஓட்டும்போது கண் அசராமல் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே, விட்டாலும் என்னிடம் பொய் சொல்லாதே, நான் பட்டது போதும். இப்போது உன் வேலைக்கு வருகிறேன். அந்த ஊர்க் கணக்கரைப் போய்ப் பார். இந்த வாரத்துக்குள் ஆப்பில் உன் பக்கத்தை மூடிவிடு, மூடுமுன் அதில் இருக்கிற உன் படத்தை மட்டும் ஜாய்ஸுக்கு அனுப்பிவை, பெரிதாகப் போட்டுக் கூடத்தில் மாட்டப்போகிறேன். உன் நெற்றியிலும் ஷோபனா நெற்றியிலும் இங்கிருந்தே சிலுவை போட்டுவிட்டேன், ஆண்டவர் உங்கள் போக்கிலும் வரவிலும் கூட இருக்கட்டும்.

இன்னும் ஒன்று. புதுப் பக்கத்தில் முதல் ஆளாக யார் புக் செய்யப்போகிறார்கள் என்று ஜாய்ஸும் அப்பாவும் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் வருகிறேன் என்று மூன்று வருஷமாகச் சொல்கிறாய், இந்த வருஷம் வாயால் சொல்லாதே, ஆப்பில் புக் செய்து காசைக் கட்டு, அப்போதுதான் நம்புவேன். கட்டின காசைக் கையில் திருப்பித் தர மாட்டேன், ஒழுங்காகக் கணக்கில் காட்டுவேன், பெற்ற பிள்ளை என்று சலுகையும் கிடையாது. அம்மாவுக்குக் காசு கொடுக்க மனசு இல்லை என்றால் தஞ்சாவூரில் இறங்கி நடந்து வா. நடந்து வருகிறவர்களிடம் நம் வீட்டில் காசு வாங்குவதில்லை.

வழி பார்த்திருக்கும்
உன் அம்மா
அருள்செல்வி